பாய்லர் தண்ணீரில் வந்த அசதி

புங்கந்தாங்கல் ரைஸ் மில்லில் பாய்லருக்குப் போகிற தண்ணீரோடு ஊராரின் அசதியும் சேர்ந்து வர ஆரம்பித்தது ஒரு பங்குனிக் கடைசியில். ஏரித் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கி, அறுத்த நெல்லெல்லாம் மூட்டை மூட்டையாக மில் வாசலில் வந்து குவிந்து, களத்துப் பெண்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவித்த நெல்லைக் காலால் துழாவித் துழாவி, வெந்துபோன அந்தக் காலை ஏரியில் கொஞ்ச நேரம் நனைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்கிற காலம் அது. தண்ணீரில் அசதி வந்ததைப் பார்த்து யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா, அது அப்போது ஊரில் யாரிடமும் இல்லை.

பாய்லர் சாப்பாட்டில் ரொம்பக் கறாரான பிராணி. உமியை எவ்வளவு போட்டாலும் எரித்துத் தின்னும், ஆனால் குடிக்கிற தண்ணீர் மட்டும் சுத்தமாக இருக்கவேண்டும். மண், பாசி, நத்தை ஓடு, மக்கிய இலை எது உள்ளே போனாலும் குழாயின் உட்பக்கம் காரையாகப் படிந்து, படிந்த இடம் பழுக்கக் காய்ந்து, ஒருநாள் இல்லை ஒருநாள் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அதற்காகத்தான் ஏரியிலிருந்து பம்ப் இழுக்கிற தண்ணீர் பாய்லருக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் பித்தளைக் கம்பியில் பின்னிய ஒரு சல்லடை, சல்லடையில் சேர்கிற கசடை எடுத்துக் கழுவிக் கழுவித் திரும்ப வைப்பதற்கு ஒரு ஆள். அந்த ஆள் பூங்காவனம். கால்மணி நேரம் அவள் கை ஓய்ந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும், சல்லடை அடைத்தால் பாய்லரில் தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கினால் அடுப்பைப் பார்க்கிற ஏகாம்பரத்துக்கு நெற்றியில் வியர்வை வேறு மாதிரி வழியும். ஆகவே மில் ஓடுகிற நேரம் முழுக்க அவளுக்கு உட்காரக் கொடுத்துவைக்கவில்லை.

பூங்காவனத்தின் புருஷன் தேவராஜ் அதே மில்லில் மூட்டை தூக்கியவன். கிட்னி கெட்டுப்போய் ஒன்றரை வருஷம் படுத்துக் கிடந்தான். மூட்டை தூக்கியவனை அவள் தூக்கினாள். கட்டிலிலிருந்து பாய்க்கு, பாயிலிருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு, அங்கிருந்து திரும்பவும் பஸ்ஸுக்கு. ஐப்பசி மழையில் அவன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பிணத்தின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே கண்ணசந்து போனாள். அவனுடைய தங்கை பச்சையம்மாள் தெரு ஜனம் அத்தனையும் கேட்கும்படி, என் அண்ணனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தூங்குகிறாளே இவளும் ஒரு பொண்டாட்டியா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். அன்றைக்கு அறுந்த பேச்சு. பச்சையம்மாள் களத்தில் நெல் துழாவினாள், பூங்காவனம் பாய்லர் கொட்டகையில் சல்லடை கழுவினாள், நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் அண்ணி என்ற சொல் அந்தச் சுவரைத் தாண்டி வரவில்லை.

சல்லடையில் முதலில் வந்தது சாம்பல் நிறத்தில், அரிசி மாவு தண்ணீரில் ஊறிக் கெட்டிப்பட்ட பதத்தில், வாசனை எதுவும் இல்லாமல் இருந்தது. ஒரு கை அள்ளிய பூங்காவனத்துக்கு இடுப்பில் சுரீர் என்றது. அது தன்னுடைய வலி இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. களத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவளுக்குத்தான் அந்த இடத்தில் வலிக்கும். அடுத்த கை உள்ளங்காலில் வலித்தது, அது டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் ஊராகப் போகிற கண்டக்டருடையது. அதற்கடுத்தது தொண்டையில் கட்டிக்கொண்டது, அது பள்ளிக்கூடத்து டீச்சருடையது. அவள் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜனங்க கால் கழுவறாங்க இல்ல, அதோட வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு உமி தள்ளப் போனார்.

இந்த இடத்தில் வேறு ஊராக இருந்தால் அந்தக் கசடை வாரி வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டுக் கதையையும் முடித்திருப்பார்கள். ஆனால் புங்கந்தாங்கல் மில் கூலிக்கு அவிக்கிற மில். நூறு பேர் நெல் வரும், நூறு பேர் நெல்லும் தனித்தனியாக ஊறி, தனித்தனியாக வெந்து, தனித்தனியாகக் காய்ந்து, அவனவன் நெல் அவனவன் அரிசியாகி அவனவன் வீட்டுக்கே போய்ச் சேரவேண்டும்; ஒருத்தன் நெல்லில் இன்னொருத்தன் நெல் ஒரு படி கலந்துவிட்டால் அது திருட்டைவிடக் கேவலம் என்று பேசுகிற ஜனம். மில் முதலாளி சம்பந்தம் வந்து பார்த்தார். சல்லடையில் இருப்பது இன்னாருடையது என்று தெரிந்துவிட்ட பிறகு அதை எப்படிக் கொட்டுவது என்று அவருக்குத் தயக்கம் வந்துவிட்டது. தனித்தனியா கட்டி வை, வந்து வாங்கிக்கினு போகட்டும் என்றார். பூங்காவனம் தொட்டுப் பார்த்துப் பார்த்து ஆள் ஆளாகப் பிரித்தாள், கோணியில் போட்டாள், களத்துப் பெண்கள் கோணி வாயைத் தைத்து, நெல் மூட்டைக்குக் கட்டுவதுபோலவே அவரவர் அடையாளத்துக்கு ஒரு துணிக் கிழிசலைக் கட்டினார்கள். தராசில் வைத்தால் முள் அசையவில்லை. தூக்கப் போனால் நாலு ஆள் பற்றவில்லை.

யாரும் வந்து வாங்கிக்கொண்டு போகவில்லை, மூட்டையெல்லாம் மில் குடோனிலேயே சேர்ந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

ஊர் லேசாகிவிட்டது. பம்ப் ஓடுகிற நேரமாகப் பார்த்து முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தால் போதும், பத்து வருஷத்து அசதி கழன்று போயிற்று. வயதானவர்கள் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிப்போய் பஸ் இன்னும் வரவில்லையே என்று வருத்தத்தோடு காத்திருந்தார்கள். பெண்கள் இரண்டு வேளைச் சமையலை முடித்து, மாவாட்டி, துணி துவைத்து, பக்கத்து வீட்டுக்காரிக்கும் துவைத்துக் கொடுத்துவிட்டு இன்னும் பொழுது விடியவில்லையே என்று நின்றார்கள். மாரியம்மன் கூழ் ஊற்றும் திருவிழாவை முடிக்க மனசில்லாமல் ஆடியைத் தாண்டியும் இழுத்துக்கொண்டு போனார்கள். கட்டிக் கொடுத்த பெண்கள் புருஷனோடு வந்து நின்றார்கள். ஷேர் ஆட்டோ வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் மாற்றுத்துணியோடு வந்தார்கள். ஏரிக்கரையில் போண்டாக் கடை ஒன்று வந்தது. வெளியூர்க்காரன் அசதியை நம்ம ஏரியில் கழுவ விடலாமா கூடாதா என்று பஞ்சாயத்தில் விடிய விடியப் பேசினார்கள், ஒருத்தருக்கும் கொட்டாவி வராததால் அந்தப் பேச்சுக்கு முடிவே வரவில்லை.

போனதும் சில உண்டு. ஏழுமலையின் டீக்கடை படுத்துவிட்டது, அசராதவனுக்கு எதற்கு டீ. மத்தியான நேரத்தில் மரத்தடியில் சும்மா உட்காருவது, உட்கார்ந்து ஒருத்தர் குறையை ஒருத்தர் கேட்பது, இதெல்லாம் நின்றுவிட்டது. வேலை விட்டு வருகிறவனைப் பார்த்து, இன்னாப்பா ரொம்ப அசதியா இருக்கிறியே என்று கேட்கிற பழக்கமே ஊரில் மறந்துபோயிற்று. எனக்கு இதைச் சொல்லும்போது கொஞ்சம் கோபமே வருகிறது. உடம்பு லேசானவர்களுக்குக் கண்ணும் லேசாகிவிடும் போலிருக்கிறது, கனமாக இருப்பவர்கள் மேல் அது நிற்பதே இல்லை.

கனமாக மிச்சம் இருந்தவர்கள் இரண்டே பேர். ஏகாம்பரம் அடுப்பை விட்டு நகர முடியாது. பூங்காவனம் சல்லடையை விட்டு நகர முடியாது. பம்ப் இழுக்கிற தண்ணீரில் நின்றால்தான் அசதி போகும், பம்ப் ஓடவேண்டுமென்றால் பாய்லர் ஓடவேண்டும், பாய்லர் ஓடினால் இவர்கள் இரண்டு பேரும் கொட்டகையில் இருந்தாக வேண்டும். மில் லீவு விட்ட நாளில் அவள் தனியாகப் போய் ஏரியில் நின்றும் பார்த்தாள். இழுக்க ஆளில்லாத தண்ணீரில் அசதி கழன்று கழன்று திரும்ப அவள் காலிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் ஒரு விஷயம் அவளை அரித்தது. ஊராரின் அசதி குறையக் குறைய அவளுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. காலையில் எழுந்திருக்கும்போதே கையும் காலும் யாருடையதோ போல் கிடந்தன.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தத் தண்ணில நின்னு எழுந்தா போதும்ணா," என்று அவள் ஏகாம்பரத்திடம் சொன்னாள். "அவருக்காக ஒருவாட்டி அழணும். அழறதுக்கு உடம்புல தெம்பு இல்லாமயே வருஷம் ஓடிப்போச்சு."

ஏகாம்பரம் முதலாளியிடம் போய்ச் சொன்னார். சம்பந்தம் கெட்டவர் இல்லை, களத்துப் பெண் ஒருத்தியை அன்றைக்குச் சல்லடைக்கு அனுப்பினார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்து, துள்ளிக்கொண்டே சல்லடையை எடுத்தாள். அள்ளிய அசதி அவள் விரலில் நிற்காமல் விளக்கெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு குழாயில் இறங்கிற்று. கையில் கொஞ்சமாவது அசதி இருந்தால்தான் அசதியைப் பிடிக்க முடியும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. பூங்காவனம் ஏரியில் பாதம் நனைவதற்குள் கூப்பிட ஆள் ஓடிவந்துவிட்டது.

அதற்குள் பாய்லருக்குள் போனது போனதுதான். நீராவியோடு ஏறி, நெல்லில் இறங்கி, அரிசியாகி, ஒரு கல்யாணத்துக்குப் போயிற்று. முதல் பந்தியில் இட்லி சாப்பிட்டவர்கள் இலைக்கு முன்னாலேயே சாய்ந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுத் தவிலின் மேல் தலை வைத்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போக, பொண்ணு அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு முகூர்த்தம் தாண்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். கல்யாண வீட்டார் மில் வாசலில் வந்து நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் தலை குனிந்து நின்ற சம்பந்தம், இனிமேல் பூங்காவனத்தைத் தவிர ஒரு கை அந்தச் சல்லடையில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அசதி வேண்டுமென்றால் குடோன் நிறைய இருந்தது. யாராவது ஒருத்தர் தன் மூட்டையைப் பிரித்துத் திரும்ப ஏற்றிக்கொண்டால் சல்லடையைப் பிடிக்கலாம். பூங்காவனம் வெட்கத்தை விட்டு வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒருத்திக்கு மகள் பிரசவம் இருந்தது. ஒருத்திக்கு வீடு கட்டுகிற வேலை இருந்தது. இன்னொருத்தி, இத்தினி வருஷம் தூக்கினதே இந்த ஜென்மத்துக்குப் போதும் அக்கா என்று உண்மையையே சொன்னாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், தின்பதற்கும் கொடுத்தார்கள். பச்சையம்மாள் வீட்டு வாசலை மட்டும் அவள் நிற்காமல் கடந்து போனாள்.

தேவராஜின் வருஷத் திதி வந்தது. பூங்காவனத்துக்கு லீவு இல்லாததால் விடிவதற்குள் விளக்கேற்றி ஒரு கைப்பிடிச் சோறு காக்காய்க்கு வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். பச்சையம்மாள் தன் வீட்டில் அண்ணன் படத்தைத் துடைத்து, மாலை போட்டு, வேட்டி துண்டு வைத்து, அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்தாள். படைத்துவிட்டு அழலாம் என்று உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, எழுந்து இலையை எடுத்தாள், பாத்திரம் கழுவினாள், வாசலைப் பெருக்கினாள், பெருக்கின வாசலையே இன்னொரு தடவை பெருக்கினாள். துடைப்பத்தை வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. அண்ணன் செத்ததை நினைத்தால் யாரோ ஒருத்தர் வீட்டுச் சாவு போல இருந்தது. அவள் நெஞ்சுக்குள் கையை விட்டுத் தேடுகிறவளைப் போல அங்கேயே நின்றாள். ஏரித் தண்ணீரில் அசதி மட்டும் போகவில்லை, அதோடு ஒட்டிக்கொண்டிருந்ததும் போய்விட்டது.

அன்று காலையிலேயே அவள் மில்லுக்கு வந்தாள். களத்துக்குப் போகாமல் நேராகக் குடோனுக்குப் போய், மஞ்சள் துணி கட்டிய தன் மூட்டையைக் கண்டுபிடித்து, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, இரண்டு காலையும் உள்ளே விட்டாள். ஒரு முனகல் கேட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஏற ஏற அவள் முகம் இறங்கிற்று, தோள் இறங்கிற்று, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அடி அடியாகப் பாய்லர் கொட்டகைக்கு வந்தாள்.

"நீ போய் தண்ணில நில்லு அண்ணி," என்றாள். "சல்லடைய நான் பாத்துக்கறேன்."

பூங்காவனம் அவளைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், உதடு காய்ந்து, பழைய பச்சையம்மாளாக இருந்தாள். நீ எதுக்கு பச்ச இதை, என்று என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"இந்த உடம்ப வெச்சினு அழ முடியாது அண்ணி. இப்பதான் தெரியுது. அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

ஏகாம்பரம் உமி தள்ளுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

பூங்காவனம் ஏரியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றாள். பம்ப் இழுத்தது. பச்சையம்மாள் பெட்டியைத் திறந்து சல்லடையை எடுத்தாள். வந்தது ஒரே நிறமாக இல்லை, ஒரே பதமாகவும் இல்லை. முதல் கை இடுப்பில் வலித்தது. இரண்டாவது உள்ளங்காலில் வலித்தது. மூன்றாவது தொண்டையைக் கட்டியது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது. ஏழு மாசமாக ஊரார் அசதியை வெறுங்கையால் அள்ளி அள்ளிப் போட்டவள் கையில் எல்லோருடையதிலும் கொஞ்சம் ஒட்டி, ஒட்டியது ஊறி, ஊறியது ஏறி உடம்பெல்லாம் நின்றிருந்தது. கண்டக்டருடையது வந்தது, டீச்சருடையது வந்தது, போண்டாக் கடைக்காரனுடையது வந்தது, பஞ்சாயத்துத் தலைவருடையது வந்தது, பேர் தெரியாத வெளியூர்க்காரர்களுடையது வந்தது, பச்சையம்மாளுடையதே ஒரு பெரிய கட்டியாக வந்தது, அவள் அதை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் தாண்டியது, வெயில் சாய்ந்தது, கொட்டகை வாசலில் குவியல் ஆள் உயரத்துக்கு வந்தது, பூங்காவனம் தண்ணீரில் அசையாமல் நின்றாள். கடைசியாகச் சல்லடையில் ஒரு பிடி மட்டும் வந்தது. அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்தான்.

அந்த ஒரு பிடியைத் தொட்டதும் பச்சையம்மாளுக்குத் தோளில் வலித்தது. ஒரு ஆளைக் கைத்தாங்கலாகப் பஸ் படியில் ஏற்றும்போது வலிக்கிற இடத்தில் வலித்தது. அவள் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். பின்னாலேயே களத்துப் பெண்கள் போனார்கள். பூங்காவனம் கரையேறி, கால் தரையில் பாவாதவளைப் போல நின்றாள், முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. அவ்வளவுதான் அக்கா, முடிஞ்சிது, இதையும் கோணியில போட்டுத் தச்சிடலாம் என்று ஒருத்தி சொன்னாள்.

"அத இப்படிக் குடு," என்று பூங்காவனம் கை நீட்டினாள். "அது ஒண்ணுதான் என்னுது. உங்கண்ணன தூக்கினு அலைஞ்ச அசதி அது. அதையும் குடுத்துட்டா எனக்கு அவருன்னு இன்னா இருக்குது?"

வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக வராத அழுகையை அழுதாள். மாரடித்து, அவன் பேரைச் சொல்லி, நீ போன அன்னிக்கு நான் தூங்கிட்டேனே என்று சொல்லிச் சொல்லி, கரையில் விழுந்து புரண்டு அழுதாள். பச்சையம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு கூடவே உட்கார்ந்தாள், அவளால் நிற்கவும் முடியவில்லை. சத்தம் ஊருக்குள் கேட்டது. லேசாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக வந்து நின்றார்கள். கொட்டகை வாசலில் கிடந்த குவியலைப் பார்த்தார்கள், அது யார் உடம்பிலிருந்து வந்தது என்று ஏகாம்பரம் சொல்லக் கேட்டார்கள். அப்புறம் கண்டக்டர் போய்க் குனிந்து தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டார். டீச்சர் எடுத்துக்கொண்டார். பஞ்சாயத்துத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எடுத்தார். அவனவன் நெல் அவனவன் வீட்டுக்கு என்று சொல்லிப் பழகின ஜனம்தானே, கடைசியில் அது உதவிற்று. குடோனில் இருந்ததைக்கூடப் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோனார்கள். வெளியூர்க்காரர்களுடையதை மட்டும் அவரவர் ஊர் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போன ஊர், சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே தூங்கிற்று. மறுநாள் ஏழுமலை கடையில் டீக்கு வரிசை நின்றது. பச்சையம்மாள் சல்லடையைக் கழுவினாள், கை அசந்ததும் இன்னொருத்தி வாங்கிக் கழுவினாள், ஏகாம்பரத்தை உட்காரவைத்துவிட்டு இன்னொருத்தன் உமி தள்ளினான். சங்கு ஊதியும் பூங்காவனம் வேலைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் ஆள் அனுப்பவில்லை.